பள்ளி மதிப்பெண் கேட்காத வாசல்

ஹைஸ்கூலில் சறுக்கிய பிள்ளைக்கும் பெர்க்லியில் இடம் உண்டு. கலிபோர்னியா போட்ட பாதையும், அதில் இன்னும் மூடப்படாத பள்ளங்களும்.

2000-ம் ஆண்டு ஜூன் 26. வெள்ளை மாளிகையில் அதிபர் பில் கிளிண்டனோடு இரண்டு விஞ்ஞானிகள் நின்றார்கள். ஒருவர் ஃபிரான்சிஸ் காலின்ஸ், இன்னொருவர் கிரெய்க் வென்டர். மனித மரபணுத் தொகுதியின் முதல் வரைவு தயாராகிவிட்டது என்று அன்றைக்குத்தான் உலகத்துக்கு அறிவித்தார்கள். காலின்ஸ் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் இளநிலை, யேலில் முனைவர் பட்டம் என்று படிப்படியாக ஏறி வந்தவர்.

வென்டர் அப்படி வரவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்தை ஒட்டியிருக்கும் மில்பிரே என்ற ஊரில், மில்ஸ் ஹைஸ்கூலில் படித்தவர். நீச்சலும் படகும்தான் பிடித்தவை. படிப்பில் கடைசி வரிசை. பள்ளி முடிந்ததும் கல்லூரிக்குப் போகாமல் கடலலையோடு பொழுதைக் கழித்தார். பிறகு கடற்படையில் மருத்துவ உதவியாளராகச் சேர்ந்து, வியட்நாமில் டா நாங் மருத்துவமனையில் காயம்பட்ட சிப்பாய்களைப் பார்த்துக்கொண்டார். 1968-ல் ஊர் திரும்பியபோது படிக்க வேண்டும் என்ற வெறி வந்திருந்தது. கையில் இருந்ததோ பழைய பள்ளிச் சான்றிதழ். அதை வைத்துக்கொண்டு அவர் சேர முடிந்த இடம் காலேஜ் ஆஃப் சான் மட்டேயோ, அந்தப் பகுதியின் சமுதாயக் கல்லூரி. அங்கிருந்து கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்துக்கு மாறினார். 1972-ல் உயிர்வேதியியலில் பட்டம். 1975-ல் அதே வளாகத்தில் முனைவர் பட்டம்.

மேதை, அதனால் எப்படியோ மேலே வந்துவிட்டார் என்று இதைச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 17 வயதில் தேறாத ஒருவனை 22 வயதில் மறுபடி நிறுத்தி, 'இப்போது என்ன செய்கிறாய், காட்டு' என்று கேட்க ஓர் ஏற்பாடு அந்த மாநிலத்தில் இருந்தது. அது எந்தப் பேராசிரியரின் பெருந்தன்மையும் இல்லை. சட்டம் போட்டு, நாற்காலிகளை எண்ணி ஒதுக்கிச் செய்த ஏற்பாடு. வென்டர் நடந்த அதே பாதையில் இன்றும் ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும், லாஸ் ஏஞ்சலிஸ் வளாகமான யு.சி.எல்.ஏ.வுக்கும் போய்ச் சேருகிறார்கள். அந்தப் பாதை எப்படி வந்தது, எப்படி இருக்கிறது, எங்கே இடறுகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

காலியாக வைக்கப்பட்ட நாற்காலிகள்

சமுதாயக் கல்லூரி அமெரிக்காவில் பழைய சங்கதி. சிகாகோவுக்குப் பக்கத்தில் ஜோலியட் என்ற ஊரில் 1901-ல் ஒரு ஹைஸ்கூலோடு ஒட்டித் தொடங்கியதுதான் முதல் அரசு ஜூனியர் கல்லூரி; சமுதாயக் கல்லூரியின் அன்றைய பெயர் அது. கலிபோர்னியாவில் 1907-ல் சட்டம் வந்தது, 1910-ல் ஃபிரெஸ்னோவில் முதல் கல்லூரி வந்தது. ஆனால் இந்தக் கதைக்கு முக்கியமான ஆண்டு 1960.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறந்த பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகக் கல்லூரி வயதை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேரை எங்கே உட்கார வைப்பது, யார் பணம் கொடுப்பது என்று மாநிலம் திணறியது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த கிளார்க் கெர் முன்னின்று ஒரு பெருந்திட்டத்தை உருவாக்கினார். ஆளுநர் பாட் பிரவுன் 1960 ஏப்ரலில் அதைச் சட்டமாக்கினார். பள்ளி முடிப்பவர்களில் மதிப்பெண்ணில் மேலே இருக்கும் எட்டில் ஒரு பங்குக்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகம், மேலே இருக்கும் மூன்றில் ஒரு பங்குக்கு மாநிலக் கல்லூரிகள் (இன்றைய மாநிலப் பல்கலைக்கழகம்), படித்துப் பயன்பெறக்கூடிய மற்ற எல்லோருக்கும் ஜூனியர் கல்லூரி. இந்த மூன்றடுக்கைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் அதிகம் பேசப்படாத இன்னொரு விதியில் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் இளநிலை மாணவர்களில் முதல் இரண்டு ஆண்டுக்காரர்கள் நூற்றுக்கு 40 பேராகவும், கடைசி இரண்டு ஆண்டுக்காரர்கள் 60 பேராகவும் இருக்க வேண்டும் என்றது திட்டம். 40 பேர் உள்ளே வந்து, மேல் வகுப்பில் 60 பேர் இருக்க வேண்டுமென்றால் மீதிப் பேர் எங்கிருந்து வருவார்கள்? ஜூனியர் கல்லூரியிலிருந்து. மூன்றாம் ஆண்டில் இடம் காலியாக இருக்கும்படியே பல்கலைக்கழகத்தின் வடிவத்தை அமைத்தார்கள். பிற்காலத்தில் இதுவே, பள்ளியிலிருந்து நேராக வரும் 2 பேருக்கு, கல்லூரி மாறி வரும் 1 டிரான்ஸ்ஃபர் மாணவர் என்ற இலக்காக ஆனது.

இதில் கருணையை விடக் கணக்குத்தான் அதிகம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பிள்ளைகள் முதல் இரண்டு ஆண்டுகளை வீட்டிலிருந்தபடி, மலிவான உள்ளூர்க் கல்லூரியில் படித்தால் மாநிலத்துக்குச் செலவு மிச்சம். சிக்கனத்துக்காகப் போட்ட திட்டம், பள்ளியில் தோற்றவர்களுக்குத் தலைவாசலாக ஆகிவிட்டது.

60 யூனிட், 46 டாலர்

இன்றைக்குக் கலிபோர்னியாவில் 116 சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன. சேருவதற்கு மதிப்பெண் வேண்டாம், நுழைவுத் தேர்வு வேண்டாம். யூனிட், அதாவது கிரெடிட், ஒன்றுக்கு 46 டாலர் கட்டணம்; 2012-லிருந்து ஏறவே இல்லை. பல்கலைக்கழகத்துக்கு மூன்றாம் ஆண்டில் மாற 60 செமஸ்டர் யூனிட் வேண்டும். பெருக்கினால் 2,760 டாலர். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஒரே ஓர் ஆண்டுக் கட்டணமே 14,000 டாலரைத் தாண்டும். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சமுதாயக் கல்லூரியின் கட்டணம் முழுவதுமே தள்ளுபடி.

மூன்றாம் ஆண்டுக்கு மாறுகிறவரின் விண்ணப்பத்தைக் கலிபோர்னியா பல்கலைக்கழகம் பரிசீலிக்கும்போது ஹைஸ்கூல் மதிப்பெண்ணைக் கணக்கில் எடுப்பதில்லை. எஸ்.ஏ.டி. நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் வேண்டாம். பரிந்துரைக் கடிதமும் கேட்பதில்லை. கல்லூரியில் எடுத்த பாடங்கள், அவற்றின் கிரேடு, 350 வார்த்தைக்குள் எழுதும் நான்கு பதில்கள், இவ்வளவுதான். நான்கில் ஒன்று எல்லோரும் எழுத வேண்டியது: தேர்ந்தெடுத்த துறைக்கு எப்படித் தயாராகியிருக்கிறாய் என்ற கேள்வி.

யு.சி.எல்.ஏ.வுக்குப் பள்ளியிலிருந்து நேராக விண்ணப்பிப்பவர்களில் நூற்றுக்கு 9 பேருக்குத்தான் இடம் கிடைக்கிறது. டிரான்ஸ்ஃபரில் விண்ணப்பிப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குக் கிடைக்கிறது. பட்டச் சான்றிதழில் எந்த வித்தியாசமும் இல்லை. 'இவர் இடையில் வந்தவர்' என்று எங்கும் எழுதுவதில்லை.

டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. குறிப்பிட்ட பாடங்களை முடித்து, குறிப்பிட்ட ஜி.பி.ஏ.வை (4.0-க்குக் கணக்கிடும் சராசரி கிரேடு) தக்கவைத்தால் இடம் நிச்சயம் என்று முன்கூட்டியே உத்தரவாதம் தருகின்றன. இதை 'டேக்' என்பார்கள். ஆறில் ஏதாவது ஒன்றுக்கு மட்டும் கேட்கலாம். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியேகோ ஆகிய மூன்றும் இந்த உத்தரவாதத்தில் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. மாநிலத்தில் வசிப்பவருக்குக் குறைந்தபட்ச ஜி.பி.ஏ. 2.4 என்று விதியில் இருக்கிறது. அதை நம்பி பெர்க்லிக்கு விண்ணப்பிக்கக் கூடாது. பெர்க்லியிலும் யு.சி.எல்.ஏ.விலும் இடம் பெறுபவர்களில் பெரும்பாலோர் 3.5-க்கு மேல் வைத்திருப்பவர்கள். கணினி அறிவியல், பொறியியல் என்றால் வாசல் மிகவும் குறுகல். நான்கில் ஒருவர் என்ற கணக்கு அங்கே செல்லாது. பள்ளி மதிப்பெண்ணை மன்னிக்கிறார்கள், கல்லூரி மதிப்பெண்ணை மன்னிப்பதில்லை.

பள்ளியில் படிக்காத பழக்கம் கல்லூரியின் முதல் செமஸ்டரிலும் கூடவே வரும். கோடை விடுமுறையில் பிள்ளை மாறிவிடுவதில்லை. நான்கைந்து பாடங்களை அள்ளிப் போட்டுக்கொண்டு, இரண்டில் எஃப் வாங்கி வருகிற பிள்ளைகள் ஏராளம். அந்த எஃப், பள்ளியின் எஃப் மாதிரி மறைந்து போகாது. அதே பாடத்தை மறுபடி படித்து நல்ல கிரேடு வாங்கினால் ஜி.பி.ஏ.வில் புதியதைக் கணக்கிடுவார்கள். ஆனால் பழையதும் ஆவணத்தில் இருக்கும். ஆகவே முதல் செமஸ்டரில் குறைவாக எடுத்து நன்றாக முடிப்பதுதான் புத்திசாலித்தனம். பாடத்தை விட்டு விலகுவதற்குக் கடைசி நாள் எது என்று முதல் வாரத்திலேயே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். கலந்துரையாடல் வகுப்பில் பேசாமல் இருந்தவன் ஆசிரியரின் அறைக்குப் போய்க் கேட்க ஆரம்பிப்பது, படிப்பகத்தில் இரண்டு மணி நேரம் உட்காருவது போன்ற சின்ன விஷயங்கள்தான் டி வாங்கியவனை ஏ வாங்க வைக்கின்றன.

இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் இரண்டு

இந்தப் பாதையில் போகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் மனப்பாடமாகிவிடும் ஓர் இணையப் பக்கம் 'அசிஸ்ட்'. மாநிலமே நடத்துகிறது. எந்தச் சமுதாயக் கல்லூரியில் படிக்கிறாய், எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தத் துறைக்குப் போக வேண்டும் என்று சொன்னால் இரண்டு பத்தியாக ஓர் அட்டவணை வரும். இடப்பக்கம் பல்கலைக்கழகம் கேட்கும் பாடம், வலப்பக்கம் அதற்கு ஈடாக உன் கல்லூரியில் இருக்கும் பாடம்.

பெர்க்லியில் 'கணிதம் 54' என்று ஒரு பாடம் உண்டு. நேரியல் இயற்கணிதமும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் சேர்ந்த பாடம். பல சமுதாயக் கல்லூரிகளில் இவை இரண்டும் தனித்தனிப் பாடங்கள். அசிஸ்டில் பார்த்தால் இடப்பக்கம் ஒரு பாடம், வலப்பக்கம் இரண்டு பாடம், நடுவில் 'மற்றும்' என்ற சொல். இரண்டையும் முடித்தால்தான் அந்த ஒன்று முடிந்ததாகக் கணக்கு. அந்த 'மற்றும்' கண்ணில் படாமல் ஒன்றை மட்டும் எடுத்த பிள்ளைக்கு, ஜி.பி.ஏ. 4.0 இருந்தாலும், பட்டியலில் ஓர் ஓட்டை விழுந்துவிடும். சில இடங்களில் வலப்பக்கம் வெறுமையாக, 'ஈடான பாடம் இல்லை' என்றே இருக்கும். அப்போது பக்கத்து ஊர்க் கல்லூரியில் போய் அந்த ஒரு பாடத்தை மட்டும் படிக்க வேண்டும். ஒரே மாலையில் இரண்டு கல்லூரிக்கு பஸ் பிடித்து ஓடுகிற பிள்ளைகள் இதனால்தான் ஓடுகிறார்கள்.

இன்னொரு சிக்கல், வளாகத்துக்கு வளாகம் பட்டியல் மாறும். ஒரே உயிரியல் துறைக்கு டேவிஸ் கேட்பது வேறு, சான் டியேகோ கேட்பது வேறு. நான்கைந்து வளாகங்களுக்கு விண்ணப்பிக்க நினைக்கிறவர், எல்லாப் பட்டியலையும் அருகருகே வைத்து, நான்கு செமஸ்டருக்குள் அடங்குகிற ஒரு திட்டத்தைத் தானே போட்டாக வேண்டும். இயற்பியல், கரிம வேதியியல் மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக வரும் பாடங்களில் முதல் படியைத் தவறவிட்டால் ஓர் ஆண்டே தள்ளிப்போகும். 18 வயதுப் பிள்ளை, அதுவும் பள்ளியில் படிப்பே ஓடாத பிள்ளை, இதைத் தனியாகச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. இந்த அட்டவணையைப் படிக்கச் சொல்லித்தரும் ஆலோசகர் கிடைத்தவருக்குப் பாதை இரண்டு ஆண்டு. கிடைக்காதவருக்கு நான்கு ஆண்டு, அல்லது பாதையே இல்லை.

அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2017-ல் நாடு முழுவதற்குமான கணக்கை வெளியிட்டது. கல்லூரி மாறுகிற மாணவர், தான் படித்து முடித்த கிரெடிட்டுகளில் சராசரியாக நூற்றுக்கு 43-ஐ இழக்கிறார் என்றது அது. படித்த படிப்பில் கிட்டத்தட்டப் பாதி, ஈடு சரியில்லை என்று கீழே போகிறது.

தணிக்கிற வேலை

பெருந்திட்டம் சட்டமான அதே 1960-ல் சமூகவியலாளர் பர்ட்டன் கிளார்க் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். கலிபோர்னியாவின் சான் ஹோசே நகர ஜூனியர் கல்லூரியைக் கூர்ந்து பார்த்து எழுதியது. இந்தக் கல்லூரிகளின் உண்மையான வேலை மாணவர்களை மேலே அனுப்புவது மட்டுமல்ல, அவர்களின் ஆசையை மெல்ல மெல்லத் தணிப்பதும்தான் என்றார் அவர். 'உனக்கு இது வராது' என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. ஒரு தகுதித் தேர்வு, அதில் குறைந்த மதிப்பெண், அடிப்படை வகுப்பு, ஆலோசகரின் இதமான பேச்சு, கடைசியில் மாணவன் தானாகவே சின்னப் படிப்போடு ஒதுங்கிக்கொள்வான். பல்கலைக்கழகம் கதவைச் சாத்தியதாகவே தெரியாது.

பர்ட்டன் கிளார்க்கின் கட்டுரையை எப்போது நினைத்தாலும் மனம் கனக்கிறது, ஏனென்றால் 60 ஆண்டுகளுக்கு மேலாகியும் அதில் பாதி இன்னும் உண்மை. கலிபோர்னியா மாநிலத் தணிக்கையாளர் 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2017 முதல் 2019 வரை சமுதாயக் கல்லூரியில் சேர்ந்து, பல்கலைக்கழகத்துக்கு மாற வேண்டும் என்று எண்ணியவர்களில், நான்கு ஆண்டுக்குள் மாறியவர்கள் ஐந்தில் ஒருவர்தான். மற்ற நான்கு பேர்? வேலைக்குப் போனவர்கள், பாடம் கிடைக்காமல் காத்திருந்தவர்கள், கணிதத்தில் விழுந்தவர்கள், வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் நின்றவர்கள். மாறுகிற விகிதத்தில் கறுப்பின, லத்தீன் இன மாணவர்கள் பின்தங்கியிருப்பதையும் அந்த அறிக்கை சொன்னது. யு.சி.எல்.ஏ.வின் 'நான்கில் ஒருவர்' கணக்கைப் பெருமையாகச் சொல்கிறவர்கள், விண்ணப்பம் வரைக்கும் வந்து சேராத இந்தக் கூட்டத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பள்ளத்தை மூட முயற்சி நடக்காமல் இல்லை. பல்லாண்டுகளாகத் தகுதித் தேர்வு வைத்து, பாதிக்கு மேற்பட்ட மாணவர்களை அடிப்படைக் கணித வகுப்பில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்த வகுப்பின் கிரெடிட் பல்கலைக்கழகத்தில் செல்லாது. ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று, நான்கு செமஸ்டர் அதிலேயே போகும். கல்லூரிக் கணிதத்தைத் தொடுவதற்குள் பெரும்பாலோர் விலகிவிடுவார்கள். 2017-ல் வந்த சட்டம் இதை உடைத்தது. எல்லோரையும் ஓர் ஆண்டுக்குள் பல்கலைக்கழகம் ஏற்கிற கணிதத்தையும் ஆங்கிலத்தையும் முடிக்க வைக்க வேண்டும் என்றது. அதற்குப் பின் முதல் ஆண்டிலேயே அந்தப் பாடங்களைத் தேறுகிறவர்களின் எண்ணிக்கை கணிசமாக உயர்ந்தது. பிள்ளைகளுக்கு வராது என்று முடிவு கட்டியது தவறு என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை. 2021-ல் இன்னொரு சட்டம், கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் பொதுப் பாடப் பட்டியல் ஒன்றே போதும் என்றது. 2025-லிருந்து அது நடைமுறைக்கு வந்திருக்கிறது. துறைப் பாடப் பட்டியல்களை மட்டும் இன்னும் ஒன்றாக்கவில்லை. முதலில் செய்திருக்க வேண்டியது அதைத்தான்.

கல்லூரிகளுக்கு உள்ளேயும் நல்லவை நடந்திருக்கின்றன. ஹேவர்டு நகரில் இருக்கும் ஷபோ கல்லூரி, நடிகர் டாம் ஹாங்க்ஸ் படித்த இடம். எஸ்.ஏ.டி.யில் மோசமாகச் செய்த தனக்கு, எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் அந்தக் கல்லூரிதான் வாழ்க்கை தந்தது என்று அவரே 2015-ல் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். அதே ஷபோவில்தான் 1981-ல் 'புவென்தே' என்ற திட்டம் தொடங்கியது. ஸ்பானிய மொழியில் 'பாலம்'. லத்தீன் இனப் பிள்ளைகளை ஒரே வகுப்பாக வைத்து, ஓர் ஆங்கில ஆசிரியர், ஓர் ஆலோசகர், ஊருக்குள்ளிருந்தே ஒரு வழிகாட்டி என்று மூவரைச் சேர்த்துவிட்டார்கள். இன்று மாநிலம் முழுக்கப் பல கல்லூரிகளில் அது நடக்கிறது. பாதை தெரிந்த ஒருவர் கூடவே நடந்தால் போதும் என்பதை அது காட்டிவிட்டது.

தனியார் கோட்டைகள்

ஹார்வர்டு மாதிரிப் பல்கலைக்கழகங்களுக்கும் இப்படி மாறலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மாறலாம், ஆனால் அது வேறு உலகம். ஹார்வர்டு ஓர் ஆண்டில் எடுத்துக்கொள்ளும் டிரான்ஸ்ஃபர் மாணவர்கள் ஒரு டஜனை ஒட்டித்தான் இருப்பார்கள். பிரின்ஸ்டன் 1990-ல் டிரான்ஸ்ஃபரையே நிறுத்தி, 2018-ல்தான் மறுபடி திறந்தது. இப்போது ராணுவத்தில் பணியாற்றியவர்களுக்கும் சமுதாயக் கல்லூரி மாணவர்களுக்கும் முன்னுரிமை தருகிறது, எடுப்பது மிகச் சிலரை. படிப்பை இடையில் விட்டவர்களுக்காகக் கொலம்பியா 1947-ல் தனிக் கல்லூரியே தொடங்கியது. அது இன்னும் நடக்கிறது. தனியார் பல்கலைக்கழகங்களில் பல ஹைஸ்கூல் மதிப்பெண் பட்டியலையும் கேட்கும். கல்லூரிப் படிப்பு கூடக் கூட அதன் எடை குறையும், அவ்வளவுதான்.

இந்த இடங்களின் தயக்கத்துக்குக் காரணம் ஏதாவது இருக்கிறதா? டிரான்ஸ்ஃபரில் வருபவர்கள் தேற மாட்டார்கள் என்ற பயம் என்றால், அதற்கு ஆதாரம் இல்லை. ஜாக் கென்ட் குக் அறக்கட்டளை 2019-ல் வெளியிட்ட ஆய்வு, சமுதாயக் கல்லூரியிலிருந்து தேர்வு கடுமையான பல்கலைக்கழகங்களுக்குப் போனவர்கள், பள்ளியிலிருந்து நேராக வந்தவர்களுக்குச் சமமாகவோ அதைவிட அதிகமாகவோ பட்டம் முடிக்கிறார்கள் என்று காட்டியது. ஆதாரம் கையில் இருக்கும்போதும் கதவை ஒரு விரலளவே திறந்து வைப்பது அந்தப் பல்கலைக்கழகங்களுக்கு அழகல்ல.

மாறி வந்தவருக்கு முதல் பருவம் கஷ்டமாகத்தான் இருக்கும். கல்லூரி மாறியதும் மதிப்பெண் சரிவதை 1965-லேயே ஆய்வாளர்கள் 'டிரான்ஸ்ஃபர் அதிர்ச்சி' என்று பெயரிட்டுக் குறித்து வைத்தார்கள். 16 வார செமஸ்டருக்குப் பழகிய பிள்ளை யு.சி.எல்.ஏ.வில் 10 வாரக் காலாண்டில் போய் விழுகிறது. புத்தகத்தைப் பிரித்து நிமிர்வதற்குள் முதல் இடைத்தேர்வு வந்து நிற்கும். அந்தப் பருவத்தின் மதிப்பெண்ணைப் பார்த்து, 'நான் இங்கே இருக்க வேண்டியவன் இல்லை' என்று முடிவுக்கு வராமல் இருந்தால், இரண்டாம் பருவத்தில் பெரும்பாலோர் எழுந்துவிடுகிறார்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகள்

சிலிக்கான் பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. அங்கே ஹைஸ்கூல் என்பதே ஒரு பந்தயம். 4.0 வாங்கினாலும் போதாது என்ற ஊரில் 2.8 வாங்கிய பிள்ளை வீட்டில் எப்படி நடத்தப்படும் என்று நமக்குத் தெரியும். 'அங்கிள், எங்க பையன் பெர்க்லி' என்ற பேச்சு நடக்கும் பொங்கல் விழாவுக்கு அந்தக் குடும்பம் வருவதையே நிறுத்திக்கொள்ளும். சமுதாயக் கல்லூரியில் சேர்த்ததை வெளியே சொல்லாமல், 'ஒரு வருஷம் பிரேக் எடுத்திருக்கான்' என்று சமாளிப்பார்கள். தெரியாத ஊரில் 50,000 டாலர் கேட்கும் ஏதோ ஒரு தனியார் கல்லூரிக்கு, 'யுனிவர்சிட்டி' என்ற பெயருக்காகவே கடன் வாங்கி அனுப்புகிறவர்களும் உண்டு.

அந்தப் பள்ளத்தாக்கின் கூப்பர்டினோவில் டி ஆன்சா என்ற சமுதாயக் கல்லூரி இருக்கிறது. ஆப்பிள் நிறுவனத்தின் ஊர். 1984 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேகிண்டாஷ் கணினியை உலகத்துக்குக் காட்டியது இந்தக் கல்லூரியின் அரங்கில்தான். அவரோடு ஆப்பிளைத் தொடங்கிய ஸ்டீவ் வோஸ்னியாக் கொலராடோவில் ஓர் ஆண்டு படித்து, சரிப்படாமல் திரும்பி, டி ஆன்சாவில் சேர்ந்து, அங்கிருந்துதான் பெர்க்லிக்குப் போனார். வீட்டு வாசலில் இப்படி ஒரு கல்லூரியை வைத்துக்கொண்டு அதன் பெயரைச் சொல்ல வெட்கப்படுவதில் எந்த அர்த்தமும் இல்லை. பிள்ளை தோற்றது பள்ளியில். வீட்டிலும் தோற்க வைக்கக் கூடாது.

தமிழ்நாட்டிலிருந்து நேராகச் சமுதாயக் கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்ப நினைப்பவர்களுக்கு வேறு கணக்கு. 46 டாலர் வெளிநாட்டு மாணவருக்குப் பொருந்தாது. அதைப் போலப் பல மடங்கு. ஜி.பி.ஏ. வரம்பும் 2.8. பல்கலைக்கழகத்துக்கு மாறிய பின் ஆண்டுக்கு 30,000 டாலருக்கு மேல் வெளியூர்க்காரர் கட்டணம் கூடுதலாக வரும். 46 டாலரை மட்டும் காட்டி யாராவது அட்மிஷன் விற்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இங்கே நம்மிடம் இதற்கு ஈடாக என்ன இருக்கிறது? பாலிடெக்னிக் முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். நல்ல ஏற்பாடு, எத்தனையோ முதல் தலைமுறைப் பொறியாளர்களை அது உருவாக்கியிருக்கிறது. பிளஸ் டூவில் சறுக்கிக் கலை அறிவியல் கல்லூரியில் சேர்ந்த பிள்ளை, பட்டப்படிப்பின் நடுவிலேயே நல்ல பல்கலைக்கழகத்துக்கு மாற அப்படி ஒரு பாதை இல்லை. கிரெடிட்டைச் சேமித்து வைக்க மத்திய அரசு 2021-ல் ஒரு வங்கியைத் தொடங்கியது. கிரெடிட் சேர்ந்துவிடும், அதை எடுத்துக்கொண்டு போய் உட்கார நல்ல பல்கலைக்கழகத்தில் மூன்றாம் செமஸ்டரில் நாற்காலி எங்கே? கலிபோர்னியா 1960-ல் ஒதுக்கியது நாற்காலியை. அதைச் செய்யாமல் வேறு எதைச் செய்தாலும் பயன் இருக்காது என்பது என் திடமான எண்ணம்.

கலிபோர்னியாவில் இருக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை சமுதாயக் கல்லூரியில் சேர்ந்த முதல் மாதத்திலேயே டிரான்ஸ்ஃபர் மையத்தில் ஆலோசகரைப் பார்க்கச் சொல்லுங்கள். அசிஸ்ட் அட்டவணையைப் பிள்ளையோடு உட்கார்ந்து நீங்களும் ஒருமுறை படியுங்கள். ஆறு வளாகங்களின் 'டேக்' விண்ணப்பத்துக்கு, மாறுவதற்கு முந்தைய ஆண்டின் செப்டம்பர் 30 கடைசி நாள். பல்கலைக்கழக விண்ணப்பத்தை அக்டோபர் 1-லிருந்து சமர்ப்பிக்கலாம்.